வெட்டிப் போட்ட சிரிப்பு

மோல்டு போடுகிற நாளில் யாரும் கோபப்படக் கூடாது. எங்கள் கட்டட வேலைச் செட்டில் அப்படி ஒரு பழக்கம். கூரைக்குக் கான்கிரீட் கொட்டுவதைத்தான் மைசூரில் மோல்டு என்போம். காலையில் கலவை மிஷின் ஓடத் தொடங்கினால் கடைசிச் சட்டி கொட்டும்வரை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அந்த இடத்தில் விரிசல் விழும், மழைக்கு ஒழுகும். சண்டை, அழுகை எல்லாம் மறுநாளைக்கு.

நான் சித்தாள். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்து அங்கேயே ஐந்தாவது வரை படித்தேன். வாழ வந்தது எல்லைக்கு இந்தப் பக்கம், ராமாபுரம். புருஷன் போன பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு மைசூர் வந்தேன். ரிங் ரோட்டுக்கு வெளியே ஷீட் வீடு. மகன் இப்போது வண்டியில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். எங்கள் மேஸ்திரி எனக்குத் தம்பி முறை. செட்டுப் பெண்களில் வயதில் மூத்தவள் நான். அதனால் மோல்டு அன்றைக்கு ஷூ துடைக்கிற வேலை என்னுடையது.

அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

வீடு கட்டுகிறவர் மோல்டு நாளில் முதல் தடவை மேலே ஏறி வருவார். வரும்போது செட்டில் மூத்தவள் வழியை மறிப்பாள். ஒரு விரலில் சிமெண்டுப் பாலைத் தொட்டு அவர் ஷூவில் ஒரு கோடு இழுப்பாள். பிறகு, “ஐயோ அழுக்காப் போச்சே சாமி” என்று குனிந்து, சும்மாட்டுத் துணியால் அவளே துடைப்பாள். துடைத்துவிட்டுக் காலை விடமாட்டாள். செட்டுக்குக் கோழி வாங்கிக் கொடுக்கிறேன் என்று அவர் வாயால் சொல்லும்வரை கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுற்றி நிற்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சொன்னதும் எல்லோரும் ஓவென்று கத்துவோம். கலவை ஓடும்.

இப்படி எத்தனை ஷூ துடைத்திருப்பேன். டாக்டர் ஷூ, வக்கீல் ஷூ, ஒரு போலீஸ்காரரின் பூட்ஸ். கை நீட்டிக் கேட்டால் அது பிச்சை. காலைப் பிடித்து மடக்கி வாங்கினால் அது எங்கள் உரிமை. எங்களுக்கு அப்படித்தான்.

அந்த வீட்டுக்காரர் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாற்பது தாண்டியவர், ஒல்லி. கன்னடக்காரர். நாங்களும் அவரோடு கன்னடத்தில்தான் பேசுவோம், இங்கே தமிழில் எழுதுகிறேன். கடன் வாங்கிக் கட்டுகிற வீடு. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவார். எங்களையும் நீங்க என்றுதான் சொல்வார்.

மோல்டு அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, போட்டிருந்த உடுப்போடு வந்தார். கறுப்பு ஷூ. பாலீஷ் போட்டது. ஏணியில் ஏறித் தலையை நீட்டியதும் மேஸ்திரி எனக்குக் கண்ணைக் காட்டினான்.

“அக்கோவ், ஆள் வந்தாச்சு.”

போய் மறித்தேன். கோடு இழுத்தேன். அவருக்குப் புரியவில்லை. “ஏனம்மா, ஏனம்மா” என்று பின்னால் போனார். பின்னால் கம்பி.

“கோழி, சார், கோழி,” என்றாள் என்னோடு சட்டி சுமக்கிறவள்.

“நாங்க கோழி சாப்பிடறதில்லையே.”

“நீங்க சாப்பிட வேண்டாங்க. எங்களுக்கு வாங்கிக் குடுங்க, நாங்க உங்களுக்கும் சேத்துச் சாப்புடறோம்.”

“பிசிபேளா பாத் பண்ணிட்டு வந்திருக்கா என் மனைவி. நெய் போட்டு.”

“அதையும் சாப்புடுவோம் சார். வயிறு ரெண்டு இருக்குது.”

நான் துடைத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒற்றைக் காலில் நின்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “கணக்கு வாத்தியாரையே மடக்கிட்டீங்க, விடுங்கம்மா, ரெண்டு கோழி” என்றார். மேஸ்திரி, “நாலு” என்றான். “சரி, நாலு.” ஓவென்று கத்தினோம். நானும் தரையில் உட்கார்ந்தபடி வாயைத் திறந்து சிரித்தேன். முன்பல் இரண்டு இல்லை, பொதுவாக நான் வாயைப் பொத்தித்தான் சிரிப்பேன்.

அவர் மனைவி ஏணிப்பக்கம் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. தங்கள் வீட்டு ஆட்களுக்குக் காட்ட. அதில் ஒன்றும் தப்பில்லை. சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டதாம். அங்கிருந்து யார் எடுத்தார்கள், யார் வெட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

எனக்குத் தெரிந்தது டீக்கடையில். கடைக்காரன் கிளாஸை வைத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றான்.

“ஏன்?”

“இருக்கட்டும்மா. உங்ககிட்ட வாங்கினா பாவம்.”

மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது, எனக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை என்று நினைத்தேன். கடைக்காரன் போனைத் திருப்பிக் காட்டினான்.

அதில் நான் குனிந்து ஷூ துடைக்கிறேன். அவ்வளவுதான். கோடு இழுத்தது இல்லை. கோழி இல்லை. சிரிப்பு இல்லை. வாத்தியார் முகம் மேலே பார்த்தபடி இருக்கிறது. அவர் தடுமாறி வானத்தைப் பார்த்த நேரம் அது. பார்த்தால் என்னைப் பார்க்கக்கூடப் பிடிக்காதவர் மாதிரி இருக்கிறது. பின்னால் வயலின் அழுகிறது. எங்கள் சைட்டில் ஏது வயலின். மிஷின் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. மேலே கன்னடத்தில் பெரிய எழுத்து. கடைக்காரன் படித்தான்: வேலைக்கு வந்த தாயை ஷூ துடைக்க வைத்த வாத்தியார்.

“இது வெளையாட்டுங்க,” என்றேன்.

“பாவம்மா நீங்க,” என்றான்.

சாயங்காலம் மகன் வந்தான். சாப்பாடு கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் அதே பேச்சாம். தன் அம்மா என்று சொல்லவில்லை அவன். வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

“உனக்கு வேற வேலையே இல்லையாம்மா? எவன் காலையோ துடைக்கிறே.”

“உன்னைப் படிக்க வெச்ச காலு அதெல்லாம்.”

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தான்.

“இத்தனை பேரு எதுக்குடா பாக்கறாங்க? பாக்க என்ன இருக்குது அதுல?”

அவனுக்கு அது தெரிந்திருந்தது. வேலைக்கு நடுவில் எந்நேரமும் அதைத்தானே தள்ளித் தள்ளிப் பார்க்கிறான். “எடுத்த எடுப்புல கோவம் வரணும்மா. கட்டை விரலு தள்றதுக்குள்ள வந்தரணும். யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு யோசிக்க வெக்கக் கூடாது. சிரிப்பு வந்தா ஒருத்தன் பாத்துட்டுப் போயிருவான். கோவம் வந்தா நாலு பேருக்கு அனுப்புவான். அனுப்புனாத்தான் அவனுக்கு ஆறும்.”

“நீயும் அனுப்பியிருக்கியா? இந்த மாதிரி.”

“எல்லாரும் அனுப்பறதுதான்.”

“அதெல்லாம் நெசமா?”

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

வாத்தியாரைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை மேஸ்திரி வந்து சொன்னான். வேலை போனால் கடன் கட்ட முடியாது. கடன் கட்டாவிட்டால் வீடு இல்லை. அப்போது கூரை இன்னும் ஈரம். கான்கிரீட் இறுக மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தோம்.

வாத்தியார் மனைவி முழு வீடியோவையும் வெளியே போட்டது. கோடு, கோழி, இரண்டு வயிறு, என் ஓட்டைப் பல் எல்லாம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. பார்த்த ஒன்றிரண்டு பேரும், காசு கொடுத்துப் பின்னால் நடிக்க வைத்தது என்று எழுதினார்கள். அம்மா சிரிப்பில் பயம் தெரிகிறது என்று ஒருவர் எழுதினாராம். என் சிரிப்பில் பல் இல்லாததுதான் தெரியும். பயம் அவருக்கு எங்கே தெரிந்ததோ.

பிறகு அவர்கள் வந்தார்கள். ஏதோ சங்கம். தோளில் கலர் துண்டு, கையில் போன். பத்துப் பதினைந்து பேர் இருக்கும். நான் பாத்தியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கீழே கூப்பிட்டார்கள். இறங்கினேன். ஒருவர் எனக்கு நாற்காலி போட்டார். சைட்டில் நாற்காலி கிடையாது, பக்கத்து வீட்டில் வாங்கியிருந்தார்கள். வாத்தியாரை எதிரில் நிறுத்தினார்கள். அன்றைக்கு அவர் செருப்புத்தான் போட்டிருந்தார்.

தலைவர் மாதிரி இருந்தவர் என்னிடம் குனிந்து, “சொல்லுங்கம்மா. தைரியமாச் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். மோல்டு அன்றைக்கு இது எங்கள் வழக்கம், நானேதான் கோடு இழுத்தேன், நானேதான் துடைத்தேன், அவர் நாலு கோழி வாங்கிக் கொடுத்தார், எந்த மேஸ்திரியை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று.

அவர் போன்காரர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “பயப்படாதீங்கம்மா. நாங்க இருக்கோம்.”

“பயம் இல்லீங்க.”

“அப்படிச் சொல்லச் சொல்லியிருக்காங்க பாருங்க,” என்றார் போனைப் பார்த்து.

வாத்தியாரைப் பார்த்து, “இப்போ நீ துடை” என்றார். நீ என்றார்.

வாத்தியார் குனிந்தார். அவர்கள் கொடுத்த துண்டை வாங்கிக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்தார். என் கால் சிமெண்டு தின்ற கால். பித்தவெடிப்பு. புருஷன்கூடத் தொட்டதில்லை அந்தப் பாதத்தை. நான் காலை உள்ளே இழுத்தேன். அவர் தலையைத் தூக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நீட்டுங்கம்மா, சீக்கிரம் முடியட்டும்” என்றார்.

நீட்டவில்லை. எழுந்தேன். பக்கத்தில் இருந்த சட்டியில் விரலை விட்டுச் சிமெண்டுப் பாலைத் தொட்டு அந்தத் தலைவர் ஷூவில் ஒரு கோடு இழுத்தேன். துணியால் துடைத்தேன். கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

“கோழி வாங்கித் தர்றீங்களா சாமி? தந்தா விடறேன்,” என்றேன்.

இதுதான் அது என்று காட்டத்தான் செய்தேன். பார்த்தால் புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அவர் காலை உதறினார். நான் பின்னால் சாய்ந்தேன். கூட வேலைக்கு வந்திருந்த சட்டி சுமக்கிறவள் மட்டும் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாள், உடனே நிறுத்திவிட்டாள். போன் எல்லாம் கீழே இறங்கிவிட்டது. அத்தனை போனில் ஒன்றிலும் அது வெளியே வரவில்லை. வந்தது எது என்றால், வாத்தியார் துண்டோடு என் காலடியில் உட்கார்ந்திருப்பது. அதற்கு வயலின் இல்லை, மேளம். முதல் வீடியோவைவிட அதிகம் பேர் பார்த்தார்கள் என்று மகன் சொன்னான். அதில் நான் ராணி மாதிரி நாற்காலியில் இருக்கிறேனாம்.

ராமாபுரத்திலிருந்து நாத்தனார் போன் செய்தாள். “நல்லாப் பாடம் கத்துக் குடுத்துட்டியாமே அவனுக்கு.” நான் போனை வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு நானும் மேஸ்திரியும் போனோம். வாத்தியார் கூப்பிடவில்லை. நாங்களாகத்தான் போனோம். நல்ல சேலை கட்டிக்கொண்டேன். ஆபீஸ் அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்னைப் பார்த்து. உட்காரச் சொன்னார்கள். காபி வந்தது, பீங்கான் கோப்பையில். வாத்தியாரையும் வரவழைத்தார்கள். அவருக்கு நாற்காலி போடவில்லை. இத்தனை வருஷம் அவர் வேலை செய்த இடம் அது. நான் உட்கார்ந்திருக்க அவர் சுவர் ஓரம் நின்றார்.

மறுபடியும் எல்லாம் சொன்னேன். மேஸ்திரியும் சொன்னான், “ஒவ்வொரு மோல்டுக்கும் உண்டு சார், உங்க பில்டிங்குக்கும் பண்ணியிருப்பாங்க” என்றான்.

பள்ளிக்கூடத்துப் பெரியவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர் மாதிரித்தான் தெரிந்தது. “நம்பறேன்மா. அவர் தப்புப் பண்ணினார்னு நாங்க சொல்லவே இல்லை” என்றார்.

“அப்பறம் என்னங்க?”

“பேரண்ட்ஸ் பாத்துட்டாங்க.”

“அவங்ககிட்டயும் வந்து சொல்றேனுங்க.”

“எத்தனை பேருகிட்டம்மா சொல்வீங்க?”

காபி ஆறிப்போனது. வாத்தியார் வாசல்வரை வந்தார். “வந்ததுக்குத் தேங்க்ஸ்மா” என்றார். மேஸ்திரி அவர் கையைப் பிடிக்கப் போனான். அவர் யாராவது போன் வைத்திருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கொடுத்தார்.

நிஜம் தெரிந்தால் சரியாகிவிடும் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த அறையில் எல்லோருக்கும் நிஜம் தெரிந்துதான் இருந்தது.

வாத்தியாருக்கு வேலை போனது. வீடு பாதியில் நின்றது. கூரைக்கு முட்டுக் கொடுத்த பலகையைப் பிரித்ததோடு சரி. பூச்சு இல்லை, ஜன்னல் இல்லை. கொஞ்ச மாதத்தில் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் குண்டலுபேட்டைப் பக்கம் தக்காளி மண்டி வைத்திருக்கிறவர். மாடி எழுப்ப எங்கள் மேஸ்திரியையே கூப்பிட்டார். நானும் போனேன். போகாமல் என்ன செய்வது.

கீழே சமையலறையில் சாமி மாடத்துக்கென்று வாத்தியார் மனைவி ஒரு குழி விடச் சொல்லியிருந்தது. கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை மாற்றிக் கட்டினோம். மண்டிக்காரர் அதை அடைக்கச் சொல்லிவிட்டார். அடைத்தது நான்தான், செங்கல் எடுத்துக் கொடுத்து.

மோல்டு நாள் வந்தது. மண்டிக்காரர் மேலே ஏறவில்லை. தெருவில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஸ்திரி ஏணி ஏறி வந்து, “கோழிக்குக் காசு முன்னாடியே குடுத்துட்டாரு” என்றான். “கால் கை தொடற வேலையெல்லாம் வேண்டான்னாரு. உன்னையச் சொன்னாரு.”

“என்னன்னு?”

“அந்தம்மா இருந்தா கிட்ட வர வேண்டாம்னு.”

சட்டி சுமக்கிறவள், “சரி விடு, கேக்காம கோழி வந்துது” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மிஷின் ஓடியது. அன்றைக்கு எல்லோர் போனையும் மேஸ்திரி வாங்கி வெறும் சிமெண்டுப் பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தான். மத்தியானம் கோழி வந்தது. காரம் அதிகம். சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு எங்கள் செட்டில் யாரும் ஷூ துடைப்பதில்லை. வேறு செட்டிலும் விட்டுவிட்டார்கள் என்று கேள்வி. நல்லதுதானே என்று மகன் சொல்கிறான். இருக்கலாம். ஆனால் இப்போது வீட்டுக்காரர்கள் மேலே வந்தால் எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். எங்களோடு பேச்சும் இல்லை. மேஸ்திரியோடு மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

வாத்தியாரைக் கடைசியாகப் பார்த்தது ஒரு கம்பிக் கடையில். கட்டுக்கம்பி தீர்ந்துவிட்டது என்று மேஸ்திரி என்னை அனுப்பியிருந்தான். பில் போடுகிற மேசையில் அவர். இன்னும் இளைத்திருந்தார். கணக்குத் தெரிந்த ஆள், கடைக்காரருக்கு லாபம்.

“எப்படி இருக்கீங்கம்மா?”

“இருக்கேனுங்க. மேடம்?”

“இருக்கா. வீட்டுல டியூஷன் எடுக்கிறா.”

“அந்த முழு வீடியோ இருக்குதுங்களா இன்னும்?”

“அழிச்சிட்டோம்மா.”

எத்தனை கிலோ என்று கேட்டார். சொன்னேன். எழுதினார். காசை வைக்க நான் மேசைக்குக் கிட்டப் போனேன். சும்மாட்டுத் துணி என் தோளில்தான் கிடந்தது. பார்த்தேன். பழைய கறுப்பு ஷூதான் போட்டிருந்தார். நான் கிட்ட வந்ததும் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

தெரிந்து செய்ததில்லை. எழுதிக்கொண்டேதான் இருந்தார். கால்தான் தானாகப் போனது.

கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சைட்டில் எனக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.